ஐந்து பேர் பயம்

பயத்தை அழிக்க முடியாது, ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்கு மாற்றி வைக்கத்தான் முடியும் என்று கண்டுபிடித்த விஞ்ஞானிகளுக்கு உலகத்தின் மிகப் பெரிய பரிசு கிடைத்தது. அப்படி மாற்றிய பயத்தை வாங்கி வைத்துக்கொள்கிற சிப்பாய்களுக்குத் தினம் ஒரு முட்டை கூடுதலாகக் கிடைத்தது.

சிப்பாய் தவசிமுத்துவுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. அவன் பங்கையும் கூட இருந்த சிப்பாய் ஜெரால்டுதான் தின்றுகொண்டிருந்தான்.

படைக் காகிதங்களில் தவசிமுத்துவின் பதவி 'அச்ச ஏற்பாளர்'. கூட இருந்தவர்கள் சுமைதாங்கி என்று கூப்பிட்டார்கள். தலைச்சுமைக்காரர்கள் இறக்கி வைத்து இளைப்பாற சாலையோரம் நட்டிருக்கும் கல்லுக்கு ஊர்ப்பக்கம் அதுதான் பெயர். கல்லுக்கு வியர்க்காது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

அவனைத் தேர்ந்தெடுத்தது முகாமின் மருத்துவர் மேஜர் ரெஹானா. கம்பெனி முழுவதையும் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவர் காதருகிலும் ஒரு பலூனை ஊசியால் குத்தி வெடிக்கவைத்துப் பார்த்தார். பலூன் வெடிப்பதற்கு முன்பே, ஊசியைப் பார்த்ததும் கத்தியவன் தவசிமுத்து ஒருவன்தான். அவனுக்கு அந்த வேலை கொடுக்கப்பட்டது. இருப்பதிலேயே பயந்தவனிடம் போய் மற்றவர்கள் பயத்தையும் கொட்டுவது என்ன நியாயம் என்று அவன் கேட்டான்.

"நீச்சல் தெரிஞ்சவனைத்தானே தண்ணியில இறக்கணும்?" என்றார் ரெஹானா. "பயமே தெரியாதவன்கிட்ட நாலு பேர் பயத்தைக் குடுத்தா அவன் திக்குமுக்காடிப் போயிடுவான். உனக்குப் பழக்கம் இருக்கு."

பயத்தை மாற்றுகிற அந்தப் பெட்டியிலேயே போட்டு மூடி வைக்கக் கூடாதா என்றும் கேட்டுப் பார்த்தான். பயம் பாலைப் போல, வெளியே வைத்தால் கெட்டுவிடும், உடம்புக்குள்தான் நிற்கும் என்றார். பொழுது சாய்வதற்குள் உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கருவி ஒரு பள்ளிக்கூடப் பை அளவு தகரப்பெட்டி. அதிலிருந்து இரண்டு தொப்பிகள் கிளம்பும். கொடுக்கிறவர் தலையில் ஒன்று, வாங்குகிறவர் தலையில் ஒன்று. நடுவில் ஒரு சிறிய திரையில் கோடு ஓடும். அந்தக் கோடு ஆளுக்கு ஆள் மாறும், கையெழுத்து மாதிரி.

முகாம் இருந்தது ஒரு மலை உச்சியில். கம்பெனி முழுக்கத் தென்மாவட்டத்துக்காரர்கள். வாயில் நுழையாத உள்ளூர்ப் பெயர்களை அவர்கள் முதல் வாரத்திலேயே கழித்துக் கட்டிவிட்டார்கள். உச்சி மேட்டுக்கடை ஆயிற்று. கீழே ஆறு ஓடுகிற பள்ளத்தாக்கு கழுதைப் பள்ளம். ஆற்றுக்கு அக்கரை எதிரியுடையது.

ஒரு நாள் காலை நம் ஹெலிகாப்டர் ஒன்று கழுதைப் பள்ளத்தில், இக்கரையில் விழுந்தது. உள்ளே இருந்த இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள். ஒருவருக்குக் கால் உடைந்திருந்தது. அவர்களை மேலே கொண்டுவர சுபேதார் வேலாயுதபெருமாள் தன்னோடு வர மூன்று பேரைப் பொறுக்கி எடுத்தார். ஜெரால்டு, மாடசாமி, இளம்பரிதி.

சுபேதாருக்கு நாகர்கோவில். உரத்த குரல். இரண்டு போர்களைப் பார்த்த மனிதர் என்பதால் அவருக்குப் பயமே கிடையாது என்பது கம்பெனியின் நம்பிக்கை. ஆனால் பையன்களைப் பாடாய்ப் படுத்துவார். ஹெல்மெட் வார் தொங்கினால் வசவு, பூட்ஸ் கயிறு அவிழ்ந்திருந்தால் வசவு, கூட்டிக்கொண்டு வெளியே போனால் பத்தடிக்கு ஒரு தரம் திரும்பித் தலை எண்ணுவார். அவர் காது கேட்காத தூரத்தில் எல்லாரும் அவரைப் பெட்டைக்கோழி என்றுதான் சொன்னார்கள்.

கிளம்புவதற்கு முன் நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராகத் தொப்பி மாட்டிக்கொண்டார்கள். தவசிமுத்து இன்னொரு தொப்பியோடு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

முதலில் ஜெரால்டு. முட்டத்துக் கடலில் புயலில் வள்ளம் விட்டவன். அவனிடமிருந்து வந்தது முழுக்கப் பல்லி. குண்டுக்கோ துப்பாக்கிக்கோ அதில் இடமே இல்லை. அடுத்து மாடசாமி. அவன் பயத்தில் இருந்தது அவன் மனைவி கனகா. அந்தப் பெண்ணைத் தவசிமுத்து படத்தில்கூடப் பார்த்தது கிடையாது, அவனுக்குக் கல்யாணமும் ஆகவில்லை. ஆனாலும் இந்த நிமிடம் அவள் போன் செய்து, போன மாதம் ஏன் பேசவில்லை என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று அவனுக்கு உள்ளங்கை வேர்த்தது. இளம்பரிதி பட்டதாரி. யாராவது திடீரென்று மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்துவிடுவார்களோ என்பது அவன் பயம்.

கடைசியில் சுபேதார். திரையில் கோடு மேல் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. டாக்டர் பெட்டியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். கோடு இறங்கவில்லை.

"அப்ப நம்மள்லயே பெரிய பயந்தாங்கொள்ளி நீங்கதானா சாப்?" என்றான் ஜெரால்டு. அவனுக்குத்தான் பயம் போய்விட்டதே.

சுபேதாரும் கோபப்படவில்லை. "இருந்துட்டுப் போகட்டும்டே," என்று சிரித்தார். அவர் பல் தெரிந்ததை அன்றுதான் எல்லாரும் பார்த்தார்கள்.

பதுங்குகுழி வாசலில் இறங்கும்போது நான்கு பேரும் திரும்பி, "போறோம்" என்றார்கள்.

தவசிமுத்து ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டான். கடைக்குப் போனால்கூட 'போயிட்டு வர்றேன்' என்றுதான் சொல்லுவார்கள், வெறுமனே போகிறேன் என்று சொன்னால் பெற்றவள் வாயில் அடிப்பாள். திரும்பி வரமாட்டோமோ என்கிற பயம் ஒரு மூலையில் இருப்பதால்தானே மனிதர்கள் அந்த 'வர்றேன்'னைச் சேர்த்துக்கொள்கிறார்கள். இவர்களிடம் அது இப்போது இல்லை. அது நான்கு பங்காக இவன் வயிற்றில் இருந்தது.

அவன் வயர்லெஸ் பக்கத்தில் குந்திக்கொண்டான். முதலில் நல்ல சேதிதான் வந்தது. நிமிர்ந்து நடந்ததால் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஹெலிகாப்டர்காரர்கள் இருவரையும் வெளியே எடுத்தாயிற்று. அதற்குப் பிறகு வயர்லெஸ்ஸில் இளம்பரிதி பாடுகிற சத்தம் கேட்டது. மேடைக்கு நடுங்குகிறவன், எதிரியும் கேட்கக்கூடிய அலைவரிசையில் பாடிக்கொண்டிருந்தான்.

எங்கே இருக்கிறீர்கள் என்று தவசிமுத்து கேட்டான். ஆற்றங்கரை மணலில், குளிராக இருக்கிறது, சுள்ளி பொறுக்கி டீ போடுகிறோம் என்றார் சுபேதார். புகை தெரியுமே என்றான். தெரியட்டும் என்றார்.

"ஜெரால்டு சத்தத்தைக் காணோமே சாப்?"

"அக்கரைக்குப் பழம் பறிக்கப் போயிருக்கான்."

"சாப், அக்கரை அவங்க இடம்."

"பழம் அந்தப் பக்கம்தான்டே இருக்கு."

"அவன் திரும்பி வரலைன்னா?"

"வரலைன்னா என்ன, மூணு பேரு இருக்கோம்லா."

பத்தடிக்கு ஒரு தரம் தலை எண்ணுகிற மனிதர் சொன்ன பதில் அது. தவசிமுத்து வயர்லெஸ்ஸைக் கீழே வைத்தான். அவனுக்குள் ஜெரால்டின் பயம், மாடசாமியின் பயம், இளம்பரிதியின் பயம், பிறந்ததிலிருந்து கூடவே இருக்கும் அவனுடைய பயம், நான்கும் ஒரே குரலில் உள்ளேயே இரு என்றன. ஆனால் ஏதோ ஒன்று மட்டும் எழுந்து போ, போ என்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. இதற்குப் பெயர்தான் வீரம் போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். அந்த நிலைமையிலும் அவனுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

டாக்டர் உள்ளறையில் ஒருவனுக்கு வயிற்றில் தையல் போட்டுக்கொண்டிருந்தார். கருவியைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் பயத்தை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று தவசிமுத்து சொன்னதும், அவர் கையை நிறுத்தாமலே திட்டினார். பயமில்லாமல் போக வேண்டும் என்பதற்காகத்தானே அரசாங்கம் இத்தனை செலவு செய்து இந்தப் பெட்டியை அனுப்பியிருக்கிறது என்றார்.

"பயம் இருந்தாத்தான் மேடம் தலையைக் குனிவாங்க," என்றான் தவசிமுத்து. பல் கிட்டித்ததால் இதைச் சொல்லி முடிக்க அவனுக்கு நேரம் பிடித்தது.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நீ வாசல் வரைக்கும்கூடப் போகமாட்டியேப்பா."

"எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா கால் போகுது."

பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினான். உலகத்தில் அன்றைக்கு அவ்வளவு பயத்தோடு நடந்துகொண்டிருந்த இன்னொரு மனிதன் இருந்திருக்க முடியாது. எங்கோ ஒரு பீரங்கி முழங்கியபோது பாறையோடு ஒட்டிக்கொண்டான். ஒட்டிக்கொண்ட பாறையில் ஒரு பல்லி இருந்தது. மறுபடி வெட்டவெளிக்கே ஓடி வந்தான். அடுத்த திருப்பத்தில் கீழே கிடந்த கம்பி ஒன்று காற்றில் போன் மணி போலக் கிணுகிணுத்தது. கனகா என்று நினைத்து விறைத்து நின்றான். பாதை ஓரிடத்தில் உயர்ந்து மேடை போல இருந்ததால், அதில் ஏறாமல் முட்புதர் வழியாகச் சுற்றிப் போனான். ஒவ்வொரு முறை உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றும்போதும் அந்தத் தள்ளுகிற கை தள்ளியது. கூடவே சில காட்சிகள் வந்தன. அவிழ்ந்த பூட்ஸ் கயிறு ஒன்று. துண்டு சுற்றாத ஒரு பின்கழுத்து. வீரம் என்றால் ஏன் இப்படிச் சம்பந்தமில்லாத சாமான்களாக வருகிறது என்று அவனுக்கு விளங்கவில்லை.

ஆற்றங்கரையில் எல்லாரும் இருந்தார்கள். ஜெரால்டு பழத்தோடு திரும்பியிருந்தான். கால் உடைந்த விமானிக்கு ஒரு டம்ளரில் டீ கொடுத்திருந்தார்கள். அவர் அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு எதிர் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தார். அந்த இருவருக்கும் பயம் அவரவரிடமே இருந்தது.

எதிரி ஏன் இன்னும் சுடவில்லை என்பதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். இவ்வளவு அலட்சியமாக டீ போடுகிறவர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய படை ஒளிந்திருக்க வேண்டும் என்று அவன் நினைத்திருப்பான். சரிபார்த்துக்கொள்ள ஒரு டிரோனை அனுப்பியிருந்தான். அது தலைக்கு மேல் வட்டமிட்டது. மாடசாமி அதற்குக் கை ஆட்டினான்.

"ஏல சுமைதாங்கி, நீ எங்க இங்க?" என்றார் சுபேதார். "வா, டீ குடி."

தவசிமுத்து பெட்டியை இறக்கித் தொப்பியை நீட்டினான். ஒருவரும் வாங்கவில்லை. இதை அவன் எதிர்பார்த்திருக்கவில்லை. பயத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்படி எதைச் சொல்லி அவர்களைப் பயமுறுத்துவது? செத்துப்போவீர்கள் என்றான். அதற்கென்ன என்றான் ஜெரால்டு.

மாடசாமிக்கு வருத்தமே வந்துவிட்டது. "கல்யாணமாகி மூணு வருஷத்துல இன்னைக்குத்தான்டா கனகாவை நெனச்சும் நிம்மதியா இருக்கேன். அதைக் கெடுக்கன்னு மலை எறங்கி வந்திருக்கியே, நீ ஒரு கூட்டாளியா?"

தவசிமுத்துவுக்கு வேறு வழி தெரியவில்லை. மணலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். "உங்களுக்காக இல்ல சாப். எனக்காக வாங்கிக்குங்க. மத்தவங்களுது பரவால்ல, உங்களுது ரொம்ப கனமா இருக்கு."

அவர்களிடம் பயம்தான் இல்லை, மற்றதெல்லாம் இருந்தது. "பாவம் சாப், நடுங்குறான்," என்றான் இளம்பரிதி. சுபேதார் டம்ளரைக் கீழே வைத்து, குழந்தைக்கு மிட்டாய் வாங்கிக் கொடுக்கச் சம்மதிப்பவர் போலத் தொப்பியை வாங்கி மாட்டிக்கொண்டார். தவசிமுத்து விசையைத் தட்டினான்.

சுபேதாரின் முகம் மாறியதைப் பார்த்து விமானிதான் முதலில் நிம்மதி அடைந்தார். சுபேதார் சுற்றிலும் ஒரு தரம் பார்த்தார். டீயைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், வெட்டவெளியில் சம்மணம் போட்டிருக்கும் மூன்று பையன்களைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்த சத்தம் வசவு மாதிரி தொடங்கி வேறு ஏதோவாக முடிந்தது. "எந்திரிங்கல! மக்கா, எந்திரிங்கல!"

எல்லாரும் எழுந்தார்கள், தவசிமுத்துவைத் தவிர. அவனைத் தள்ளிக்கொண்டிருந்த கை போய்விட்டது. பதுங்குகுழியிலிருந்து இவ்வளவு தூரம் அவனை நடத்திக் கூட்டி வந்த வீரம் இப்போது தொப்பி வழியாகச் சுபேதாரின் தலைக்குள் போய், அங்கிருந்து இளம்பரிதியின் பூட்ஸ் கயிறு அவிழ்ந்திருக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தது. அது வீரமே இல்லை. அந்தக் கிழவருடைய பயம். தன் தோலைப் பற்றிய பயம் அதில் ஒரு துளிகூட இல்லை. அதனால்தான் அது பதுங்கத் தெரியாமல் நடக்கச் சொல்லியிருக்கிறது.

அவனிடம் மீதி இருந்தது பல்லியும் கனகாவும் மைக்கும் அவனுடைய பழைய பயமும்தான். நான்கும் மணலில் குப்புறப் படு என்றன. படுத்தான்.

மற்றவர்களுக்குத் தொப்பி மாட்ட நேரமில்லை. சுபேதார் பெட்டியைத் தவசிமுத்துவின் முதுகில் மாட்டி, சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். ஜெரால்டும் மாடசாமியும் விமானியை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கினார்கள். இவர்கள் ஓடத் தொடங்கியதும்தான், பின்னால் படை எதுவும் இல்லை என்பது எதிரிக்குப் புரிந்தது. சுட ஆரம்பித்தான்.

பயமில்லாதவர்களை ஓட்டிக்கொண்டு போவது ஆடு மேய்ப்பதைவிடச் சிரமம். ஸ்ட்ரெச்சரின் முன்பக்கத்துக்காரன் நின்று வேடிக்கை பார்த்தான், பின்பக்கத்துக்காரன் கடைசியாக விழுந்த குண்டின் தரத்தைப் பற்றி ஏதோ சொன்னான். சுபேதார் ஒவ்வொருவராகத் தள்ளி, அடித்து, கெஞ்சிப் பாறை மறைவுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். அவர் முன்னால் இருந்தார். எல்லாருக்கும் கடைசியில் தவசிமுத்து தவழ்ந்து வந்தான். பாறை மறைவு அவனுக்குக் கை நீட்டினால் எட்டும் தூரத்துக்கு வந்தபோது, அவனைக் கடந்து எதிர்த்திசையில் ஒருவன் நடந்து போனான். இளம்பரிதி.

"எங்கடா போற?"

"டீத்தூள் பொட்டலத்தை விட்டுட்டு வந்துட்டேண்ணே. புதுப் பொட்டலம்."

முன்னால் போனவர்கள் யாருக்கும் இது கேட்கவில்லை. தவசிமுத்து சுபேதாரைக் கூப்பிட்டான், வெடிச் சத்தத்தில் அது அவனுக்கே கேட்கவில்லை. அவன் முதுகில் எந்தக் கையும் இல்லை. உடம்பிலிருந்த பயமெல்லாம் பாறைக்குப் பின்னால் போ என்றது. இளம்பரிதி மணலைத் தாண்டி, பூங்காவில் உலாவுகிறவன் போல நடந்துகொண்டிருந்தான். அவனுக்கு இருமருங்கும் மண் தெறித்தது.

தவசிமுத்து எழுந்து ஓடினான். பாறையை நோக்கி அல்ல. வழி நெடுக ஊளையிட்டுக்கொண்டே ஓடினான். இளம்பரிதியின் பெல்ட்டைப் பிடித்து இழுத்தான். டீத்தூளுக்காக அவன் திமிறினான். இவன் அவனை இழுத்துக்கொண்டு ஓடி வந்தபோது ஏதோ ஒன்று இவனுடைய இடது காதுமடலின் நுனியைக் கொண்டுபோயிற்று. பாறை மறைவில் விழுந்த பிறகும் அவன் ஊளை நிற்கவில்லை. காதுக்காக இருக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். அங்கே பல்லி இருந்தது.

பின்னால் வந்த விருதுகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். மீட்கப் போன நான்கு பேருக்கும் 'அச்சம் என்பதே அறியாமல்' செயல்பட்டதற்காகப் பதக்கம் கிடைத்தது. அது உண்மையும்கூட. தவசிமுத்துவுக்கு, விலை உயர்ந்த கருவியைச் சேதமில்லாமல் திருப்பிக் கொண்டுவந்ததற்காக ஒரு பாராட்டு வரி கிடைத்தது.

அன்று பிற்பகல் மேட்டுக்கடையில் டாக்டர் மீதிப் பங்குகளைத் திருப்பிக் கொடுத்தார். ஜெரால்டு தொப்பியைக் கழற்றியதும் முதல் வேலையாகக் கூரையை அண்ணாந்து பார்த்தான். மாடசாமி போனைத் தேடிக்கொண்டு போனான். இளம்பரிதி எழுந்து வெளியே போனான். சற்று நேரத்தில் அவன் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது.

தவசிமுத்துவின் காதுக்குத் தையல் போட்டுவிட்டு, கடைசிச் சோதனையாக அவன் தலையில் தொப்பியை மாட்டினார் டாக்டர். எல்லாவற்றையும் கொடுத்தாயிற்று, அவனுடைய பழைய கோடு மட்டும்தான் ஓட வேண்டும். அது ஓடியது. ஊசியைப் பார்த்துக் கத்துகிற அதே கோடு. அதற்கு மேலே இன்னொரு கோடும் ஓடியது.

டாக்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். பிறகு சுபேதாரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் பங்கு இங்கே கொஞ்சம் தங்கிவிட்டது போலிருக்கிறது, அமைப்பு அதே மாதிரி இருக்கிறது என்றார். சுபேதாருடையதை அளந்து பார்த்தால் அதில் ஒரு மயிரிழையும் குறையவில்லை. மறுபடி தவசிமுத்துவின் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தார். அமைப்பு சுபேதாருடையதுதான். ஆனால் கையெழுத்து இவனுடையது.

"இது நடக்கவே முடியாதே," என்றார். "இருக்கிறதை இடம் மாத்தலாமே தவிர புதுசா உண்டாக்க முடியாதுன்னுதானே எழுதி வெச்சிருக்காங்க. பெட்டி கெட்டுப் போச்சு போல. தவசி, இது எங்கேயிருந்துப்பா வந்துச்சு உனக்கு?"

அவன் அதற்குள் தொப்பியோடு எழுந்து, வயர் இழுபட, வாசல் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேடம், வெளியில வாந்தி எடுத்துட்டிருந்தானே இளம்பரிதி, சத்தத்தைக் காணோம்," என்றான். "இதைக் கொஞ்சம் கழட்டி விடுங்க, ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்."